மலைப்பாதையில் இருவர்

பீபல்கோட்டியைத் தாண்டியதும் வண்டி நிற்கிறது. முன்னே நாற்பது வண்டிகள். அவற்றுக்கும் முன்னே சரிந்து இறங்கிய மண், பாறைகள், வேரோடு ஒரு பைன் மரம். ஜேசிபி மண்ணை அள்ளிப் பள்ளத்தில் தள்ளுகிறது. அள்ளிய இடத்தில் மேலிருந்து மறுபடி மண் இறங்குகிறது. ஓட்டுநர் சற்றுப் பொறுத்து மறுபடி அள்ளுகிறார்.

ஷேர் சுமோவின் நடு இருக்கையில் கொல்கத்தா தம்பதி. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இருவர் தலையிலும் குரங்குக் குல்லா. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கதவைத் திறக்கிறார், எட்டிப் பார்க்கிறார், மூடுகிறார். மறுபடி கடிகாரம். மனைவியின் மடியில் எவர்சில்வர் டப்பா. உள்ளே பொரி.

வெள்ளரிக்காய் விற்கும் சிறுவன் வரிசை நெடுக நடக்கிறான். நாலாகக் கீறி, மிளகாய் உப்பு தடவித் தருகிறான். மண் சரிந்த நாளில் அவனுக்கு நல்ல வியாபாரம்.

முதுகில் புல்லுக்கட்டோடு ஒரு கட்வாலிப் பெண் வண்டிகளின் ஓரமாக வருகிறாள். மலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறாள். சரிவை ஓட்டமாகக் கடக்கிறாள். அந்தப் பக்கம் போன பிறகுதான் மூச்சு வாங்குகிறாள். சுமோவில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறார்கள்.

ஜோஷிமட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து பிளந்த வீடுகளில் சில அப்படியே நிற்கின்றன. சுவரில் சிவப்பில் போட்ட பெருக்கல் குறி மழையில் வெளுத்திருக்கிறது. தங்கும் விடுதிக்குப் புதுப் பெயின்ட். அறையில் கணவர் மெத்தையைத் தட்டிப் பார்க்கிறார். மனைவி சுவரைத் தடவிப் பார்க்கிறார்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப். அங்கிருந்து காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை.

கல் பாவிய பாதை முழுக்கக் கோவேறு கழுதைகளின் சாணமும் மழைநீரும். மணிச்சத்தம் கேட்டால் மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும். கணவர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குகிறார். கழுதைக்காரன் தோளைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் நிறுத்துகிறான். ஒன்றும் சொல்லாமல் போகிறான்.

கணவர் முன்னே. இரு கைகளிலும் புதிய ஊன்றுகோல்கள். மனைவி பின்னே. புடவைக்கு மேல் மழைக்கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ. அவருக்குத் தெரிவது கணவரின் முதுகுப்பையும் அதில் தொங்கும் ஈரத் துண்டும். வளைவுக்கு வளைவு கணவர் நிற்கிறார். மனைவி வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுகிறார். நிற்க நேரம் கிடைப்பது ஒருவருக்குத்தான்.

எதிரே சீக்கிய யாத்ரீகர்கள் இறங்கி வருகிறார்கள். ஒரு பாட்டி வெறுங்காலில். 'வாஹே குரு' என்கிறாள். மனைவி கைகூப்புகிறார். கணவர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார். இதோ வந்துவிட்டது என்கிறாள் பாட்டி. பின்னால் வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டு இறங்குகிறாள்.

காங்கரியாவில் வெந்நீர் வாளிக் கணக்கில் விலை. ஒரு வாளி வாங்குகிறார்கள். நான்கு கால்களும் அதற்குள்.

பூக்களின் பள்ளத்தாக்கு வாசலில் வனக்காவலர் பெயர்களை எழுதிக்கொள்கிறார். மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே கழுதைக்கு அனுமதி இல்லை. கடை இல்லை. கூடாரம் போடக் கூடாது. கணவரின் டைரியில் பென்சில் எழுத்து: 1931, காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் ஃபிராங்க் ஸ்மைத் கண்டது. 1982, தேசியப் பூங்கா. 2005, யுனெஸ்கோ. அடுத்த பக்கத்தில் பூக்களின் பெயர்கள். எதிரே டிக் அடிக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கணவர் கேமராவைத் துடைக்கிறார். காத்திருக்கிறார். மறுபடி துடைக்கிறார்.

பத்தடிக்குள் இருப்பதை மனைவி குனிந்து பார்க்கிறார். இடுப்பளவு உயர்ந்த காட்டுக் காசித்தும்பை. இளஞ்சிவப்புப் பூ. ரோமம் அடர்ந்த பெரிய தேனீ ஒன்று பூவின் தொண்டைக்குள் முழுதாக நுழைகிறது. பூ கனத்தில் தாழ்கிறது. தேனீ பின்பக்கமாகவே வெளியே வருகிறது. முதுகில் வெள்ளை மகரந்தம். அடுத்த பூ. மனைவி குடையை நகர்த்தாமல் நிற்கிறார்.

பாதை முடியும் பக்கம் ஒரு கல்லறை. ஜோன் மார்கரெட் லெக், க்யூ தாவரவியல் பூங்காவுக்காகச் செடி சேகரிக்க வந்தவர். பாறையில் வழுக்கி விழுந்து இறந்த ஆண்டு 1939. அவருடைய சகோதரி வந்து வைத்த கல். மனைவி கைக்குட்டையால் எழுத்துகளின் ஈரத்தைத் துடைக்கிறார். 1885 என்கிறது பிறந்த ஆண்டு. விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார். 54. டப்பாவைத் திறந்து பொரியைக் கணவரிடம் நீட்டுகிறார். டைரியை மூடி வைத்துவிட்டு அவர் சாப்பிடுகிறார். பாதிக் கட்டங்கள் காலி.

மறுநாள் ஹேம்குண்ட் ஏரிக்கு ஏற்றம். செங்குத்து. மூன்றாவது வளைவில் கணவர் உட்கார்ந்துவிடுகிறார். விரலில் ஆக்சிமீட்டர். எண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டுகிறார். அதே எண். ஊன்றுகோல்கள் மனைவியின் கைக்குப் போகின்றன.

முதுகுக் கூடையில் ஆள் சுமக்கும் கண்டிக்காரன் நேபாளத்து இளைஞன். காலில் ரப்பர் செருப்பு. பிரம்புக் கூடையில் மடித்த கம்பளி. கணவர் தன் எடையைச் சொல்லத் தயங்குகிறார். சொல்கிறார். இளைஞன் தலையசைக்கிறான். பட்டையை நெற்றியில் பொருத்தி, குந்தி, ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுகிறான். கழுத்து நரம்புகள் புடைக்கின்றன.

கூடையில் உட்கார்ந்தவருக்கு முகம் பின்பக்கம். பின்னால் நடந்து வருகிறவர் மனைவி. கணவர் முதலில் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். பிறகு தன் கால்களை. அப்புறம் பார்க்க வேறு எதுவும் இல்லை. மூச்சு வாங்கும் மனைவியின் முகம் நான்கடி தூரத்தில், வளைவுக்கு வளைவு. நில்லு என்று இளைஞனிடம் சொல்கிறார். கூடை கல்திட்டில் இறங்குகிறது. மனைவியும் உட்காருகிறார். மூன்று பேரும் தண்ணீர் குடிக்கிறார்கள். இருபது அடி போனதும் கணவர் மறுபடி நில்லு என்கிறார்.

4,000 மீட்டருக்கு மேலே ஏரி, குருத்வாரா. பனி ஒரு நிமிடம் விலகித் தண்ணீர் தெரிகிறது. கணவரின் கேமரா பைக்குள்ளேயே இருக்கிறது. லங்கரில் மூன்று தட்டு கிச்சடி, மூன்று தம்ளர் தேநீர். இளைஞனின் நெற்றியில் பட்டை பதிந்த தடம் இன்னும் சிவப்பு. இறங்குவதற்கும் சேர்த்துப் பேசினால் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். கணவர் நடந்துவிடுவேன் என்கிறார். மனைவி எவ்வளவு என்று கேட்கிறார். அவன் சொன்ன தொகையை அப்படியே எண்ணி எடுத்துக் கொடுக்கிறார்.