இரும்புப் புரவி ஏறும் இளையோர்

குதிரையேற்றம் பயிலும் சிறுவன் முதற்கண் விழக் கற்றுக்கொள்கின்றான். மோட்டார் சைக்கிளாகிய இரும்புப் புரவியைப் பந்தயத்தில் செலுத்தப் பயிலும் சிறுவனுக்கும் அதுவே முதற்பாடம். தோலாடையும் தலைக்கவசமும் பூண்டு, முழந்தாள் தரையை உராயுமாறு வண்டியைச் சாய்த்து வளைவுகளைக் கடக்கும் அவனைக் காண்போர், அவன் இன்னும் பள்ளிச் சிறுவனே என்பதை எளிதில் நம்பார்.

இத்தகைய இளையோர்க்கென்றே ஐரோப்பாவில் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது ‘ரூக்கீஸ் கோப்பை’ என்னும் பந்தயத் தொடர். ரூக்கீ என்பது புதிதாகத் தொழில் பயில்வோனைக் குறிக்கும் சொல். உலகப் பெரும் பந்தயமாகிய மோட்டோ ஜீபீ நடைபெறும் தடங்களிலேயே இச்சிறுவர்களும் போட்டியிடுகின்றனர். பல நாடுகளினின்றும் விண்ணப்பிப்போருள் மிகச் சிலரே, வண்டியை ஓட்டிக்காட்டித் தேர்வு பெறுகின்றனர்.

மோட்டார்ப் பந்தயம் செல்வர்தம் விளையாட்டு. வண்டி, டயர், எரிபொருள், பழுது பார்ப்போர் ஊதியம் என்று செலவு பெருகிக்கொண்டே போகும். எளிய குடும்பத்துப் பிள்ளை எத்துணைத் திறலுடையோனாயினும் வாயிலிலேயே நின்றுவிடுவான். இக்கோப்பையிலோ வண்டிகளை நடத்துவோரே அளிக்கின்றனர். அனைவர்க்கும் ஒரே வகை வண்டி. 2013 முதல் அது கே.டி.எம். நிறுவனத்தார் செய்த 250 சி.சி. வண்டி. தந்தையின் பணப்பை இங்கே முந்திச் செல்ல வழியில்லை.

ஆயினும், இச்சமன்மையினுள்ளேயே ஓர் இடரும் ஒளிந்திருக்கின்றது. முன்செல்லும் வண்டி காற்றைப் பிளந்து செல்லும்போது, அதன் பின்னே தடை குறைந்ததோர் இடம் உண்டாகின்றது. அதனுள் ஒடுங்கி வருவோன் எளிதில் விரைவு பெற்று, நேர்ப்பாதையின் முடிவில் முன்னவனை முந்திவிடுகின்றான். முந்தப்பட்டவன் அடுத்த நேர்ப்பாதையில் அதனையே திருப்பிச் செய்கின்றான். ஆகவே எவனும் தனித்து ஓடிவிடல் அரிது. பல வண்டிகள் தேனீக்கூட்டம்போல் நெருங்கி, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிற் செல்கின்றன. இறுதி வளைவுவரை வெல்வான் யாரென்று ஒருவராலும் கூறவியலாது. காண்போர்க்கு இதனினும் இனிய காட்சி இல்லை. ஆனால் முன்னே ஒருவன் விழுந்தாலோ, பின்னே வருவோனுக்கு விலக இடமுமில்லை, நேரமுமில்லை.

இக்கோப்பையை முதலாண்டில் வென்றவர் பிரெஞ்சு நாட்டு இளைஞர் ஜொஹான் சார்க்கோ. அவர் பின்னர் இருமுறை மோட்டோ டூ உலக வாகையராகி, 2025ஆம் ஆண்டில் தம் நாட்டு லெ மான் தடத்தில் மோட்டோ ஜீபீப் பந்தயத்தையும் வென்றார். ஸ்பெயின் நாட்டு ஹோர்ஹே மார்ட்டின் 2013இல் இரண்டாமிடமும் மறு ஆண்டில் முதலிடமும் பெற்றார். 2024இல் அவர் மோட்டோ ஜீபீ உலக வாகையரானார். பெட்ரோ அக்கோஸ்ட்டா 2020இல் இக்கோப்பையை வென்ற மறு ஆண்டே, உலகப் பந்தயத்தின் மோட்டோ த்ரீ பிரிவிற் புகுந்து முதல் முயற்சியிலேயே வாகை சூடினார். இப்பெயர்கள் எத்தனை சிறுவர்களின் உறக்கத்தைக் கெடுத்தனவோ!

அக்கோஸ்ட்டா வாகை சூடிய அதே 2021ஆம் ஆண்டில்தான் துயரும் நேர்ந்தது. அரகோன் தடத்தில், மற்றோர் இளையோர் தொடரில், 14 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்தான். பின்வந்த வண்டி மோதி மாண்டான். இரு திங்கள் கழித்து, ஹெரெஸ் தடத்தில் 15 வயதினன் ஒருவன் உயிரிழந்தான். உலகக் கூட்டமைப்பினர் அவ்வாண்டிலேயே வயது வரம்பை உயர்த்தினர். 2023 முதல் உலகப் பந்தயத்திற் புகுவோர்க்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்றனர். இளையோர் தொடர்களில் மேம்பட்டார்க்கு மட்டும் விலக்கு அளித்தனர். விதி நல்லதே. எனினும் மோதும் வண்டி, விழுந்தவன் வயதைக் கேட்பதில்லை. கூட்டத்தின் நெருக்கம் குறையாதவரையில் இஃது அரை மருந்தே ஆகும்.

பந்தயம் தொடங்குமுன் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. தலைக்கவசத்தின் முகமறைப்பைச் சிறுவர்கள் இறக்கிவிடுகின்றனர். தடத்தின் ஓரத்தே சுவருக்கப்பால் பெற்றோர் நிற்கின்றனர். மகன் வெல்லவேண்டும் என்று வேண்டுவதா, நலமுடன் மீளவேண்டும் என்று வேண்டுவதா என்று அவர்கள் நெஞ்சம் தடுமாறுவதற்குள் செவ்விளக்குகள் அணைந்துவிடுகின்றன.