பொட்டி பாடுதே, நாயனா

பாகாலா ஜங்ஷனைச் சுற்றியுள்ள சபைகளில் ஞாயிற்றுக்கிழமை பாட்டெடுப்பது என் வேலை. சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. ஐயகாரு, அதாவது எங்கள் போதகர், பாட்டு எண்ணைச் சொல்வார். நான் சுருதி பிடித்து முதல் அடியைத் தூக்கிக் கொடுப்பேன், சபை ஏறிக்கொள்ளும். ஆர்மோனியம் இருந்தால் அதோடு, இல்லாவிட்டால் வெறும் தொண்டையோடு. என் அப்பா ரயில்வே வேலைக்காகக் காட்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அதனால் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோயிலில் இரண்டும். 1911-ல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். ஸ்கட்டர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் எல்லைக்குள்ளும் அது இருந்தது. ஆகவே புருஷோத்தம சௌத்ரியின் தெலுங்குக் கீர்த்தனை முடிந்ததும் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் தமிழ்க் கீர்த்தனையை எடுத்தால் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு கோயில் திறந்த கதையை எல்லோரும் சானிடைசரிலிருந்து சொல்வார்கள். நான் பாட்டிலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் கதவு திறந்த பிறகும் நெடுநாள் வெளியிலேயே நின்றது அதுதான்.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வாரம் பாடியதோடு சரி. புனித வெள்ளி போனது. ஏப்ரல் 12-ல் ஈஸ்டர் வந்தது, கல்லறைத் தோட்டத்து விடியற்கால ஆராதனை இல்லாமலே போனது. ஜூன் 4-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஜூன் 8 முதல் திறக்கலாம் என்றார்கள். ஆந்திராவில் அன்றே திறந்தார்கள். திருமலையில்கூட அதே வாரம் தரிசனம் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேறு கணக்கு. கிராமங்களில் வருமானம் குறைந்த சிறிய கோயில்கள், தேவாலயங்கள், மசூதிகளுக்கு ஜூலை 1, எல்லாமே திறக்கச் செப்டம்பர் 1 ஆனது. காட்பாடியிலிருக்கும் என் அத்தை மகன் போனில் கேட்பான்: "உங்க சாமி மட்டும் சீக்கிரம் எழுந்துட்டாரா?"

விதிமுறையில் ஆறடி இடைவெளி, முகக்கவசம், அவரவர் பாயை அவரவரே கொண்டுவருவது எல்லாம் இருந்தன. 65 வயது தாண்டியவர்களும் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுரை. அதோடு ஒரு வரி: பாடகர் குழு கூடாது, கூட்டாகப் பாடக் கூடாது, வேண்டுமானால் பதிவு செய்த பக்திப் பாடல்களை ஒலிபரப்பலாம்.

அந்த வரி சரியானதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற சின்ன ஊரில், 2020 மார்ச் 10 அன்று ஸ்காகிட் வேலி பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேர் நோய்ப்பட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடியதைத் தவிர அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. ஓங்கிப் பாடும்போது பேசுவதைவிட அதிகமான நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. அடைத்த அறையில் அவை அப்படியே மிதக்கின்றன. எங்கள் கோயில்களில் பாதிக்கு மேல் தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல். இதைப் படித்த பிறகு பாட்டெடுக்க எனக்கே நாக்கு எழவில்லை. விசுவாசம் இருந்தால் ஒன்றும் வராது என்று சொன்னவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களோடு வாதாடவில்லை, பாட்டை நிறுத்தினேன்.

திறந்த முதல் ஞாயிறு ஜூன் 14. கூட்டம் இல்லை. பயம் ஒரு காரணம், மாங்காய் இன்னொரு காரணம். ஜூன் என்றால் தாமலச்செருவு மண்டியில் பெங்களூரா மாங்காய் குவியும் மாதம். கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும். இரண்டு மாதம் கூலி இல்லாமல் கிடந்தவர்கள் காய் பறிக்கவும் சுமை ஏற்றவும் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. வந்தவர்கள் பாயை விரித்துத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். சபையின் பையன் ஒருவன் ஸ்பீக்கரில் பென்டிரைவைச் செருகினான். ஐதராபாத் ஸ்டூடியோவில் பதிந்த பாட்டு ஒன்று வந்தது: புல்லாங்குழல், வயலின், நடுவில் நீண்ட இடையிசை. எல்லோரும் கைகட்டிக் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

சில மாதத்தில் அது பழகிப்போனது. அதுதான் சிக்கல். வீட்டிலிருக்கச் சொன்ன வயதைத் தாண்டிய ஒரு அவ்வா, பிள்ளைகள் தடுத்தும் கேட்காமல் வந்து வாசலோரம் உட்காருவார். எழுத்து தெரியாது, ஆனால் தெலுங்கிலும் தமிழிலுமாக எத்தனை கீர்த்தனை மனப்பாடம் என்று அவருக்கே தெரியாது. மாஸ்க்குக்குள்ளேயாவது மெதுவாக முணுமுணுக்கலாமே என்றேன். "பொட்டி பாடுதே, நாயனா. நான் எதுக்கு?" என்றார். கோபமில்லாமல், விசாரிக்கிற மாதிரி.

பாட்டெடுக்கிறவனுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. கிராமத்துச் சபையில் பாட்டு புத்தகத்தில் இல்லை. புத்தகம் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். மற்றவர்களுக்குப் பாட்டு பக்கத்திலிருப்பவரின் வாயிலிருந்து வருகிறது. கீர்த்தனையின் கட்டமைப்பே அதற்கு வாகானது. பல்லவி திரும்பத் திரும்ப வரும், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். சரணம் தெரிந்தவர்கள் சரணத்தைத் தூக்குவார்கள், மற்றவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்துப் பல்லவிக்கு இறங்குவார்கள். சரணத்தைத் தூக்குகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெண்கள் பக்கத்து வயசான அம்மாக்கள். வீட்டிலேயே இருங்கள் என்று விதிமுறை சொன்னது சரியாக அவர்களைத்தான். ஆக, கோயில் திறந்தபோது எங்கள் பாட்டுப் புத்தகம் வீட்டில் இருந்தது. இதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஊரடங்கில் போனில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். கான்ஃபரன்ஸ் காலில் ஐந்து வீடு. நான் பல்லவியை முடிக்கும்போது கல்லூர்ப் பக்கத்து வீட்டில் தொடங்குவார்கள். என் குரல் அவர்களைச் சேரச் சற்று நேரம், அவர்களுடையது எனக்குத் திரும்பிவர இன்னும் சற்று. ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்துக் காத்து, நடை தேய்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இது போனின் குற்றமில்லை. தாளம் என்பது ஒரே காற்றில் உட்கார்ந்தவர்களுக்கு உரியது. ஜெபம் போனில் போனது, பிரசங்கம் போனது, பாட்டு போகவில்லை.

2020 கடைசியில் மாஸ்க்கோடு மெல்லப் பாட ஆரம்பித்தோம். ஜன்னல் கதவுகளைக் கழற்றி வைத்தோம். முடிந்த இடங்களில் வேப்பமரத்தடிக்கே ஆராதனையைக் கொண்டுபோனோம். அப்போதுதான் மாஸ்க் என்ன செய்கிறது என்று தெரிந்தது. மூச்சு இழுக்கும்போது துணி வாயோடு ஒட்டும், அதனால் நீண்ட அடியை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. க, ச, ட, த எல்லாம் மழுங்கிப்போகும். அதையெல்லாம்விட, என் வாய் சபைக்குத் தெரியாது. நான் முதல் எழுத்துக்கு உதட்டைக் குவிக்கும்போதே முன்வரிசை பாட்டைக் கண்டுபிடித்துவிடும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் காதால் எடுத்துக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். பாதி கண்ணால் போயிருக்கிறது. கையைத் தொடையில் தட்டுவதை விட்டு, எல்லோருக்கும் தெரிய உயர்த்தித் தட்டி ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை வெறுமனே ஒரு சுற்று காட்டிவிட்டு எடுக்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆறடி இடைவெளி இன்னும் மோசம். நெருங்கி உட்கார்ந்தால் உங்கள் குரல் பக்கத்துக் குரலில் கரையும்; தப்பினாலும் தெரியாது, அதனால் துணிந்து பாடுவீர்கள். தள்ளி உட்கார்ந்தவுடன் அவரவர் குரல் அவரவர் காதில் விழுகிறது. வெட்கம் வந்து வாயைப் பொத்துகிறது. சுருதியைத் தாழ்த்திப் பார்த்தேன். முன்பு இரண்டு கட்டையில் எடுத்த பாட்டை ஒரு கட்டைக்கு இறக்கினேன். ஆண்களுக்கு வசதியானது, பெண்களுக்கு அடித்தொண்டை. ஒன்றரையில் நிறுத்தி இரண்டு பக்கமும் சமமாகக் கஷ்டப்படும்படி செய்தேன். பல மாதம் பாடாத தொண்டைக்கு மேல் ஸ்தாயி எட்டாது என்பதால் உச்சம் தொடும் சரணங்களை அந்த ஆண்டு எடுக்கவே இல்லை.

காணிக்கைப் பாட்டுக்கு வந்த கஷ்டத்தை வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றிவரும். பை பீடத்துக்குத் திரும்பும்போது பாட்டு முடிய வேண்டும். பையின் வேகத்தைப் பார்த்துச் சரணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் தொழிலின் நுட்பங்களில் ஒன்று. கொரோனாவில் பையை விட்டு வாசலில் பெட்டி வைத்தார்கள். பாட்டு இருந்தது, அதற்கு அளவு இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஐயகாருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவேன். அவருக்கும் தெரியாது.

உண்மையில் பாட்டு முதலில் திரும்பியது கோயிலுக்குள் அல்ல, சாவு வீட்டில். ஊரடங்கில் அடக்கத்துக்கு இருபது பேர்வரை அனுமதி. அந்த இருபது பேரில் யாரோ ஒருத்தி தொடங்கிவிடுவாள். சாவு வீட்டில் ஸ்பீக்கர் வைக்க யாருக்கும் மனம் வராது. கல்லறையில் மண் தள்ளும்போது வாய் மூடி நிற்கவும் முடியாது. கட்டை, தாளம் எதுவும் இல்லாமல், அழுகையும் அடியுமாகக் கலந்து வரும் பாட்டு அது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, பின்னால் சேர்ந்துகொண்டேன். பாட்டெடுக்கிறவன் இல்லாமலும் சபை பாடும் என்பதைத் தொழில்காரன் ஒருவன் ஒப்புக்கொள்வது சுலபமில்லை.

2021-ல் இரண்டாம் அலை. மே 5 முதல் ஆந்திராவில் பகல் 12 மணிக்கு மேல் ஊரடங்கு. எங்கள் சபைகளில் மறுபடி கதவைச் சாத்தினோம். திருப்பதியில் படுக்கை கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா என்று இரவெல்லாம் போன். அந்த முறை அடக்கங்களில் பாட்டும் இல்லை. பிளாஸ்டிக் சுற்றிய உடலை முழுக்கவசம் போட்டவர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். சரணம் தூக்கும் அம்மாக்களில் சிலர் அந்த மாதத்தில் போனார்கள். வாசலோரத்து அவ்வா தப்பினார்.

மறுபடி திறந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: முதல் பாட்டுக்கு மின்சாரம் வேண்டாம். மைக் இல்லை, கீபோர்டு இல்லை, பொட்டி இல்லை. இளைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரடங்கில் சபையைக் கட்டி வைத்தது அவர்கள் யூடியூபிலிருந்து இறக்கிப் பகிர்ந்த பாட்டுகள்தான். ட்ராக் போட்டுப் பாடவும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ட்ராக்குக்கு ஒரே சுருதி, ஒரே வேகம். அது யாருக்காகவும் நிற்காது. எங்கள் பெண்கள் பக்கம் எப்போதும் அரை எண்ணிக்கை பிந்தித்தான் வரும். ஆர்மோனியக்காரன் அந்த அரை எண்ணிக்கைக்காகத் துருத்தியைப் பிடித்து வைப்பான். ட்ராக் அவர்களை விட்டுவிட்டு அடுத்த சரணத்துக்குப் போய்விடும். இரண்டு முறை அப்படி விடுபட்டால் மூன்றாம் முறை வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு உடன்பாடு: முதல் பாட்டு என்னுடையது, இரண்டாவது அவர்களுடையது, காணிக்கைப் பாட்டு ஐயகாரு சொல்வது. பையை மறுபடி சுற்ற விட்டார்கள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

முதல் பாட்டை நான் எடுப்பதையும் குறைத்துக்கொண்டேன். அவ்வாவை வாசலிலிருந்து நடுவுக்கு வரச் சொல்லி, அவர் பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்களை உட்கார வைத்தேன். அவ்வா தொடங்குவார், அவர் தொடங்கும் இடம்தான் அன்றைய சுருதி, நான் ஆர்மோனியத்தில் அதைத் தேடிப் பிடிப்பேன். சில நாள் ஒன்றே முக்கால் கட்டை மாதிரி இருக்கும், எந்தக் கட்டையிலும் உட்காராது. அன்றைக்கு ஆர்மோனியத்தை மூடிவிடுவேன். பெண்களுக்கு இப்போது ஏழெட்டுக் கீர்த்தனை புத்தகம் பார்க்காமல் வருகிறது. அவ்வாவின் பிழைகளோடு சேர்த்தே வருகிறது. நான் திருத்தப் போவதில்லை.

இன்னும் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்: செஞ்சுருட்டி, ஆதி என்பது போல. ஆனால் எங்கள் ஊர் மெட்டு பெரும்பாலும் அந்த ராகத்தில் இருக்காது. வண்டிப்பாட்டோ நாற்றுப்பாட்டோ எப்போதோ உள்ளே புகுந்திருக்கும். இறந்துபோன அம்மாக்கள் பாடிய சில பாட்டுகளுக்கு வார்த்தை என்னிடம் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, நாங்கள் பாடிய மெட்டு மட்டும் இல்லை. எத்தனையோ முறை நானே எடுத்துக் கொடுத்தவை. அவர்கள் சரணத்தில் திருப்பிய வளைவு மட்டும் எனக்கு வரவில்லை. அவர்களில் ஒருவருடைய தங்கை குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறாராம், பாடுவாராம். அறுவடை முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். போனில் பதிந்து அனுப்பச் சொல்லலாமே என்கிறார்கள் இளைஞர்கள். பதியட்டும், ஆனாலும் நேரில் போய் உட்கார்ந்து பாடித்தான் வாங்கிவர வேண்டும்.