பின்மூடிக்கு உள்ளே



மூன்று வாரங்களுக்கு முன் பிரசங்கத்தில் நான் கடிகாரத்தைப் பற்றிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, பல இலட்சம் ரூபாய்க் கடிகாரமும் ஒரு மணிக்கு அறுபது நிமிடங்களைத்தான் காட்டும் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் மேலும் பேசினேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் நம் நல்லவாட்டைக் காத்தது எவருடைய விலையுயர்ந்த கடிகாரமும் அல்ல. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியுமே ஆண்டவர் கையில் கருவிகளாயின என்றேன்.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சகோதரர் தம் இடது கையை மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டார். அதை நான் கண்டேன். கண்டும் பேச்சை நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பல ஆண்டுகள் அயல்நாட்டில் உழைத்துத் திரும்பியவர். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

"ஐயா, ஒன்று மட்டும் சொல்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். அன்றைக்கு அழைத்ததும் பிழைப்புக்காக வெளிநாடு போன பிள்ளைதானே?"

எனக்குப் பதில் இல்லை. அவர் மேலும் எதுவும் சொல்லாமல் கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இருவர் கடிகாரங்களையும் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டோம். என்னுடையது நூற்றுக்கணக்கில் விலை. வினாடி பிசகாமல் இருந்தது. அவருடையது ஒன்பது வினாடி முந்தியிருந்தது. "பாருங்கள், உங்களுடையதுதான் சரியாக ஓடுகிறது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அது பழுதல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். நம்மில் பெரும்பாலோர் கட்டியிருப்பவை பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள். உள்ளே இருக்கும் சிறு படிகம் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய பதினைந்து வினாடிக்குமேல் பிசகாது. இத்தகைய முதல் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீக்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1969ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில். சகோதரருடையதோ சுருள்வில்லின் விசையால் ஓடுவது. தலைமயிரைவிட மெல்லிய மற்றொரு சுருள் ஒரு சிறு சக்கரத்தை அசைக்க, வினாடிக்கு எட்டுத் துடிப்புகள். சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பே, நாளொன்றுக்கு நான்கு வினாடி பிந்தவும் ஆறு வினாடி முந்தவும் இடம் கொடுக்கிறது. ஆகவே நேரம் காட்டுவதில், விலை குறைந்ததே வென்றது. என் பிரசங்கம் அந்த மட்டில் சரிதான். ஆனால் அந்த மட்டில்தான்.

புதுச்சேரியில் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் தகப்பனாரின் எச்.எம்.டி. ஜனதா நெடுநாளாய் நின்றுபோய்க் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், விலை எதில் இருக்கிறது என்று கேட்டேன். பொன்னும் வைரமும் பதித்தவற்றை அவர் மதிக்கவில்லை. அது தட்டான் கணக்கு என்று தள்ளிவிட்டார். பெயருக்காகக் கொடுக்கும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல என்றார். அவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டாம். நல்ல கடிகாரத்தில் சக்கரங்களைத் தாங்கும் சிறு தகடுகளின் ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி, கண்ணாடிபோல் மெருகேற்றியிருப்பார்கள். இரண்டு ஓரங்கள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையில் சுழலும் கருவி நுழைய முடியாது. அங்கே மனிதக் கைதான் அரத்தையும் மரக்குச்சியையும் பிடித்துத் தேய்க்க வேண்டும். திருகாணியின் தலைகூட மெருகு பெறும். இந்த வேலையில் ஒரு பகுதி முகப்புக்கு அடியில், பின்புறத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் இருக்கும். வாங்கியவர் ஆயுள் முழுவதும் அதைக் காணமாட்டார்.

"அப்படியானால் அதை யார் பார்ப்பது?" என்றேன்.

"என்னைப்போல் திறப்பவன் பார்ப்பான், ஐயா. திறக்காவிட்டால் யாரும் பார்ப்பதில்லை."

விலை குறைந்த பேட்டரிக் கடிகாரம் கெட்டால் உள்ளுறுப்பை அப்படியே எடுத்து எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதே வழக்கமாம். கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவதற்காக அவை செய்யப்படவில்லை. என் தகப்பனாருடையது விலை குறைந்ததுதான், ஆயினும் கழற்றிப் பூட்டத் தக்கது; உராய்வைக் குறைக்கப் பதினேழு செயற்கை மாணிக்கக் கற்கள் அதனுள் இருக்கின்றன. பின்மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார் பெரியவர். ஊசியால் கீறிய மூன்று சிறு குறிகள். வெவ்வேறு காலங்களில் அதைத் திறந்து சுத்தம் செய்தவர்கள் இட்டவை. மூன்று முறை என் தகப்பனார் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். என் கைக்கு வந்தபின் ஒரு குறியும் இல்லை.

இதன் நடுவே நகைக்கத் தக்க ஒரு செய்தியும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில், கால்வின் போதித்த ஜெனிவா நகரத்தில் ஆபரணங்களைச் சபை கண்டித்தது. நகரச் சட்டமும் கட்டுப்படுத்தியது. வேலையிழந்த பொற்கொல்லரில் பலர் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினர். 1601இல் அங்கே கடிகாரத் தொழிலாளர் சங்கமும் ஏற்பட்டது. இன்று இலட்சங்களில் விலைபோகும் ஜெனிவாக் கடிகாரங்களின் வரலாற்றில் பிரசங்கிமாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை அறிந்தபோது, என் பிரசங்கத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

அன்றிரவு யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். உடன்படிக்கைப் பெட்டிக்கு வெளியே மாத்திரமல்ல, உள்ளேயும் பொன் வேய வேண்டும் என்று தேவன் மோசேக்குச் சொல்லுகிறார். மூடி போட்டபின் அந்த உட்புறத்தை எந்த மனிதக் கண் காணும்? எத்தனையோ முறை வாசித்த வசனம். அதில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

ஏன் நின்றதில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஜெபத்தைக் குறித்து இந்த ஆண்டு நான் உங்களுக்கு ஐந்து வாரம் தொடர்ந்து போதித்தேன். அந்த ஐந்து வாரங்களிலும் என் அதிகாலை ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. பிரசங்கக் குறிப்புகளைத் திருத்தவே நேரம் போயிற்று. வேதத்தைத் திறந்ததெல்லாம் உங்களுக்குச் சொல்ல எதுவேனும் கிடைக்குமா என்று தேடத்தான். செய்தி நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் ஸ்தோத்திரம் என்று பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை மீண்டும் அந்தச் சகோதரரிடம் போய், முந்தைய நாள் விட்டுப்போன மன்னிப்பைக் கேட்டேன். பிரசங்க பீடத்திலிருந்து காயப்படுத்தியதை வீட்டுத் திண்ணையில் சரிசெய்தால் போதாது என்று எனக்குப் பட்டது. அதனால் அவர் சம்மதம் பெற்று, பெயரை மட்டும் விட்டுவிட்டு, இதை எழுதுகிறேன். கடிகாரத்தை விற்றுவிடலாமா என்று அவர் கேட்டார். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள காரியம், என்னிடம் கேளாதீர்கள் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு மூன்று வாரம் தாமதமாயிற்று.

சென்ற ஞாயிறு அவர் வந்தார். கடிகாரம் கையில் இருந்தது. கையும் வெளியே இருந்தது. ஆராதனை எட்டு நிமிடம் தாமதமாய்த் தொடங்கியதற்கு நான்தான் காரணம். என் தகப்பனாரின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன். சாவி கொடுக்க மறந்துவிட்டேன்.