அம்மா தேடிய புகை

பேராக் தோங் குகைக் கோயிலின் பின்படிகளில் ஏறும்போது அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சுண்ணாம்புக்கல் கசிந்து படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். எண்ணிக்கொண்டே ஏறுவார். ஒருமுறைகூடக் கணக்கு முடிந்ததில்லை, நடுவில் மூச்சு வாங்கும்.

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறுகளில் செமோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு பஸ் ஏறுவோம். வழியிலேயே பேராக் தோங். காணிக்கை போட்டால் மணி அடிப்பார்கள். அதற்கென்றே முந்தானையில் இருபது காசு முடிந்திருக்கும். முடிச்சை அவிழ்க்கும் அந்த விரல்களை இப்போதும் பார்க்கிறேன்: நக ஓரமெல்லாம் காய்ந்த ரப்பர்ப் பால், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. மணியின் அதிர்வு குகைக்குள் அடங்கும்வரை, நாற்பதடி புத்தருக்கு முன்னால் கைகூப்பியபடியே நிற்பார்.

சீனாவிலிருந்து வந்த சோங் சென் யீ தம்பதி 1926இல் அந்தக் குகைக் கோயிலைத் தொடங்கினார்கள். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

கப்பல் என்றதும் பாட்மோஸ் நினைவுக்கு வருகிறது. மகள் என்னைக் கிரேக்கத் தீவுகளுக்குக் கூட்டிப்போனபோது அங்கே அரை நாள் இறங்கினோம். ஸ்காலா துறைமுகத்திலிருந்து மலைமேல் பஸ் போகிறது. உச்சியில் கோட்டை போல யோவான் மடம், 1088இல் கிறிஸ்தோதூலோஸ் என்ற துறவி நிறுவியது. பாதி வழியில் ஒரு குகை. அதன் கூரையில் மூன்றாகப் பிரியும் வெடிப்பு ஒன்றைக் காட்டி, இறைவனின் குரல் பிளந்தது என்றார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. வெளியே வந்துவிட்டேன்.

ஈப்போவில் குனோங் சீரோ அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கல்லுமலைக் கோயில். தைப்பூசத்துக்குப் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் அங்கேதான் வந்து சேரும். 1973 அக்டோபர் 18 அன்று அந்த மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கீழிருந்த வீடுகள்மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். எனக்கு ஒன்பது வயது. மறுநாள் காலை தோட்டத்துப் பிரட்டில் பேர் கூப்பிட்டபோது பலருக்குக் குரலே எழவில்லை என்று அம்மா சொன்னார். அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடத்தோடு அங்கே போனபோது, அம்மா ஒருமுறையும் மேலே பார்க்கவில்லை. ஒரு கை குடத்தில், இன்னொரு கை என் மணிக்கட்டில். அந்தப் பிடியின் காய்ப்பு இன்னும் உறைக்கிறது.

பாட்மோஸ் மடத்து மதிலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றாள் மகள்.

பேராக் தோங் உச்சியில் நான் கேட்ட அதே கேள்வி. அங்கே அம்மா வடக்கே பார்த்து நிற்பார். "அதோ பாரு பாப்பா, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுறாங்க. அதுதான் நம்ம தோட்டம்." எனக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். தெரிகிறது என்று தலையாட்டுவேன்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையை அழித்து வரிசை வீடுகள் கட்டினார்கள். லயத்தைக் காலி செய்து ஈப்போவுக்கு வந்த பல வருடங்கள் கழித்து, முட்டிவலியோடு அம்மா கடைசியாக ஒருமுறை பேராக் தோங் ஏறினார். தூரத்தில் வெள்ளையாக ஏதோ எழும்பியது.

"அம்மா, புகை!" என்றேன்.

கண்ணுக்குமேல் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"புகையில்ல பாப்பா, தூசி. மலைய ஒடைக்கிறாங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.