‘ஹை கிரேட்’

வாப்பாவுக்குச் சலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. வலி இல்லை, வெட்கத்தில் 3 மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சலப்பையில் கட்டி. பயொப்சி ரிப்போட்டில் ‘ஹை கிரேட்’ என்றிருந்தது. பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுப் பழகிய எனக்கு, ஒரு நொடி அது நல்ல செய்தியாகப் பட்டது.

டொக்டர் விளங்கப்படுத்தினார். கலங்கள் தம் இயல்பான தோற்றத்தை எவ்வளவு இழந்திருக்கின்றன என்பதுதான் கிரேட். கூடினால் ஆபத்தும் கூடும். கட்டி தசைக்குள் இறங்கியதா என்பது அதைவிட முக்கியம். இறங்கினால் பெரும்பாலும் சலப்பையையே அகற்ற வேண்டிவரும்.

வாப்பாவுக்கு இறங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் திரும்ப வரலாம். பிறந்த பிள்ளைக்குப் போடும் அதே பீசீஜீயைச் சலப்பைக்குள் ஏற்றுகிறார்கள். 3 மாதத்துக்கொருமுறை கெமரா விட்டுப் பார்க்கிறார்கள். சிகரெட்டை விட்டுவிட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். வலிக்காத இரத்தத்தைத்தான் மறைப்பார்கள். வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள்.