கொண்டையும் குடுமியும்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, கருங்கல் என்று மேற்கே பஸ்ஸில் போனால், தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் மரச்சீனி விளையும் மாறி மாறிக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்துகொண்டே இருக்கின்றன. பிறகு திடீரென்று நிலம் தீர்ந்து போகிறது. எதிரே அரபிக் கடல்! அந்த ஓரத்தில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவே இருக்கிறது இனயம் என்ற மீனவர் ஊர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுடன் சேரும் வரையில் இது திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் இங்கே பேசும் தமிழில் மலையாளத்தின் ராகம் கொஞ்சம் கலந்திருக்கும். கேட்கக் கேட்க இனிமை.

இனயத்தின் பெயரை நேயர்கள் பத்திரிகைகளில் பார்த்திருக்கலாம். 2016 ஜூலையில், இங்கே ஒரு பெரிய துறைமுகம் கட்ட மத்திய மந்திரி சபை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள் திரண்டு எதிர்த்தன. திட்டத்துக்கான இடம் பின்னர் கன்னியாகுமரிக்கு அருகே மாற்றப்பட்டது.

ஆனால் நான் இங்கே வந்தது துறைமுகத்தைப் பற்றி விசாரிக்க அல்ல. சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன். பெண்களுக்குள் சண்டை வந்தால் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார்களே, அது நியாயமா, இல்லையா என்று நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்கத்தான் வந்தேன்!

"இதற்காகவா இவ்வளவு தூரம்? எங்கள் தெருக் குழாயடி போதாதா?" என்று சென்னை வாசகிகள் கேட்கலாம். கடற்கரைப் பெண்கள் என்றாலே சண்டைக்காரிகள் என்று ஒரு பழி உண்டு. அதை நான் நம்பவில்லை. 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். இனயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. இந்தக் கரையில் பெண்ணின் தலை வெறும் அலங்காரத்துக்கு இருப்பதில்லை. அதுதான் அவளுக்குத் தொழில் கருவி.

ஆண்கள் கடலுக்குப் போய் மீனைக் கொண்டு வந்து கரையில் சேர்ப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. சாளை, நெத்திலி, அயிலை என்று குவியல் குவியலாக ஏலம் நடக்கிறது. அங்கிருந்து அதைச் சந்தைக்கும் வீடுகளுக்கும் கொண்டு போய்க் காசாக்குகிறவர்களில் பெண்கள் ஏராளம். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் சும்மாடு, சும்மாட்டின் மேல் மீன் பாத்திரம். ஆட்டோவும் வேனும் வந்துவிட்ட காலத்திலும் தலைச்சுமை அடியோடு போய்விடவில்லை. வீட்டுக் கணக்கு, கடன் வாங்குவது, கடன் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். கல்பனா ராம் என்ற மானிடவியல் அறிஞர் இதே மாவட்டத்தில் கடியபட்டணத்தில் தங்கி ஆராய்ந்து, இந்தக் கரையின் முக்குவப் பெண்களைப் பற்றி 1991-ல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

பணம் புழங்கும் கையில்தானே தகராறும் வரும்? ஏலத்தில் ஒரு குவியலுக்கு இரண்டு பேர் கை நீட்டுவது, சொன்ன நாளில் கடன் திரும்பாதது, குழாயில் குடம் மாறுவது, பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்வது, இப்படிக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. முதலில் வாய் நீளும். அப்புறம் கை நீளும். கை நேராகப் போகிற இடம் கொண்டை!

மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று விதமான தீர்ப்புக் கிடைத்தது.

மீன் விற்று ஓய்ந்துவிட்ட ஒரு பெரியம்மா, கொஞ்சமும் தயங்காமல் முடிக்குப் பரிந்து பேசினார். "மக்களே, கோவம் வந்தா கை சும்மா இருக்குமா? கல்ல எடுத்தா மண்ட போவும். கத்திய எடுத்தா உசிரு போவும். முடியப் புடிச்சா ரெண்டு நாளு தல வலிக்கும், அம்புட்டுதான். பொறவு அவ மைனி, நா கொழுந்தி. ஒரே கிணத்துலதான வெள்ளம் கோரணும்?" என்றார். அதாவது, முடியைப் பிடிப்பது சண்டையில் ஒரு கட்டுப்பாடு. எலும்பு முறியாது, ரத்தம் வராது. நாளைக்கு ராஜியாக வழி இருக்கும்.

பக்கத்தில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மைக்கு இப்ப சுமடு இல்ல, அதான் இப்படிச் சொல்லுதாவ. இந்தக் கழுத்து நேரா நின்னாதான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். கொண்டையப் புடிச்சு ஒரு வெட்டு வெட்டி இழுத்தா, ஒரு வாரம் சுமடு எடுக்க ஒக்குமா? அடிச்சா கூடப் பரவாயில்ல" என்றார்.

மூன்றாவது அபிப்பிராயம், நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போய் வருகிற ஒரு பெண்ணுடையது. "முடியப் புடிக்கது தப்புதான். ஆனா சுத்தி நிக்கவங்க சிரிக்காவ பாருங்க, அது அதைவிடத் தப்பு. ஆம்பளைங்க அடிச்சுக்கிட்டா வெலக்கி விட ஓடுவாவ. பொம்பளைங்க அடிச்சுக்கிட்டா செல்போன எடுப்பாவ!" என்று படபடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்ப்போம்.

பெரியம்மாவின் கட்சிக்குப் பலர் ஒரு காரணம் சொல்வார்கள். முடியைப் பிடிப்பது பெண்களின் இயற்கைச் சுபாவம் என்பார்கள். அப்படியானால் நம்முடைய பாஷை என்ன சொல்கிறது? பெண்களின் சண்டைக்குத் தமிழில் "குழாயடிச் சண்டை" என்று பெயர். அதில் முடியே இல்லை. முடியைப் பிடித்துப் புரளுகிற சண்டைக்கு "குடுமிப்பிடிச் சண்டை" என்று பெயர். குடுமி யாருடையது? சாட்சாத் ஆண்களுடையது! இரண்டு பேருக்குள் கலகம் மூட்டுவதைச் "சிண்டு முடிவது" என்கிறோம். அந்தச் சிண்டும் ஆண்கள் தலையில் இருந்ததே. ஆண்கள் குடுமி வைத்திருந்த காலம் வரை அவர்களும் அதைத்தான் பிடித்தார்கள். கிராப்பு வந்தது, பிடி போயிற்று. பழியை மட்டும் பெண்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்ற பழமொழியைக்கூட, "சோழியன் குடுமி சும்மாடு ஆகுமா?" என்பதன் திரிபு என்று சொல்பவர்கள் உண்டு. முன்குடுமி சுமைக்கு உதவாது என்று பொருள். கடற்கரைப் பெண்ணின் கொண்டைக்கு இருக்கிற யோக்கியதை அந்தக் குடுமிக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்!

இது நம் நாட்டு விஷயம் மட்டுமா? மகா அலெக்ஸாந்தர் தன் படைவீரர்களைத் தாடியை மழித்துவிடச் சொன்னாராம். போரில் எதிரி பிடிப்பதற்கு அதுதான் வாகான இடம் என்று காரணம். புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஆண்கள் ஆடும் அவர்கள் நாட்டுக் கால்பந்தின் தொழில்முறை லீகில், தலைக்கவசத்துக்கு வெளியே தொங்கும் கூந்தல் ஆட்டக்காரனின் உடுப்பைச் சேர்ந்தது. அதைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினால் குற்றமில்லை! இங்கிலாந்தில் 2022 ஆகஸ்டில் செல்ஸி குழுவின் குகுரேயா என்ற சுருட்டை முடிக்காரரை எதிர்க் குழு ஆட்டக்காரர் முடியைப் பிடித்து இழுத்தபோது நடுவர் தண்டிக்கவில்லை. அதே குகுரேயாவின் முடியை 2024 டிசம்பரில் வேறொருவர் இழுத்தபோது, சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். ஆக, பிடிக்க வசதியாக ஒன்று நீண்டிருந்தால், கோபக்காரன் கை அங்கே போகிறது. அதற்கு ஆண், பெண் என்ற பேதமில்லை.

ஆனால் ஊர் சிரிப்பதில் பேதம் இருக்கிறது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக் கழகத்தின் கால்பந்து மாணவி ஒருத்தி, எதிர்க் குழுப் பெண்ணின் குதிரைவால் சடையைப் பிடித்துத் தரையில் சாய்த்தாள். குழுவிலிருந்து கால வரையின்றி விலக்கி வைத்தார்கள். சரிதான், தப்புக்குத் தண்டனை. ஆனால் அந்தச் சில விநாடிக் காட்சி உலகமெல்லாம் திரும்பத் திரும்ப ஓடிற்று. ஓர் ஆண் இதே முரட்டுத்தனம் செய்திருந்தால் இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்று அப்போது அங்கேயும் விவாதம் நடந்தது.

இனி, கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அம்மாளிடம் வருவோம். வைத்திய சாஸ்திரம் அவர் பக்கம் இருக்கிறது. மனிதர் தலையில் சுமார் 1 லட்சம் முடி. ஆரோக்கியமான ஒரு முடி ஏறக்குறைய 100 கிராம் எடையைத் தாங்கும். ஒரு கைப்பிடி முடி சேர்ந்தால் அது கயிறு. வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறுவதற்கு முன் வேர் கழலும், தலைத் தோல் எலும்பிலிருந்து கிளம்பும். தோலுக்கும் மண்டை எலும்புக்கும் இடையே ரத்தம் கட்டிக்கொண்ட கேஸ்களை வைத்தியப் பத்திரிகைகள் வெளியிட்டிருக்கின்றன. பெரும்பாலும் குழந்தைகளுக்கு இப்படி நேருகிறது. கழுத்துக்குக் கிடைக்கும் வெட்டு வேறு. ஆகவே, கோபத்தில் குழந்தையின் சடையைப் பிடித்து இழுக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்புக்கு வலி உண்டாக்குவதே காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 115-ஆம் பிரிவுப்படி, வேண்டுமென்று காயம் உண்டாக்கினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது இரு தரப்பும் ராஜியாகிவிடக்கூடிய குற்றம்தான். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்களுக்குச் சட்டமும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது!

வலியைவிடப் பெரிது மானம். பாரதக் கதையில் பாண்டவர் இழந்தது ராஜ்யம். ஆனால் யுத்தத்துக்கு வித்திட்டது திரௌபதியின் கூந்தலில் பட்ட துச்சாதனன் கை. சேரன் செங்குட்டுவன் பழையனை வென்றபோது, பகைவர் மனைவியரின் கூந்தலைக் கயிறாகத் திரித்து யானைகளைப் பூட்டினான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று புகழ்ச்சியாகவே சொல்கிறது. எதிரியை அவமானப்படுத்த வேண்டுமா, அவன் வீட்டுப் பெண்ணின் கூந்தலைத் தொடு என்று ஆண்களின் யுத்தம் கண்டுபிடித்த வழி அது. அதே வழியை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கையாளும்போது, பெரியம்மா சொல்வது போல இரண்டு நாள் தலைவலியோடு போய்விடுமா? கலைந்த கொண்டையை நாலு பேர் பார்க்க மறுபடி அள்ளி முடிவது எவ்வளவு கஷ்டம் என்பது முடிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாலு பேர் இப்போது நாலு லட்சம் பேராகிவிட்டார்கள். கல்லூரிப் பெண் சொன்ன செல்போன் சங்கதி இதுதான். தெருவில் இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டால், அது ராத்திரிக்குள் ஊர் ஊராகப் போய்விடுகிறது. சண்டை போட்டவர்கள் மறுநாள் ராஜியாகிவிட்டாலும் படம் ராஜியாவதில்லை. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் அது பின்னாலேயே வருகிறது.

அந்தக் கருவியையே குறை சொல்லிவிடவும் முடியாது. இனயத்துக்குப் பக்கத்திலுள்ள குளச்சலில், 2021 டிசம்பரில், மீன் நாற்றம் அடிக்கிறது என்று வயதான மீன்காரப் பெண்மணி ஒருவரை அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் யார் முடியையும் பிடிக்கவில்லை. பஸ் நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டுக் குரல் எழுப்பினார். யாரோ அதைப் படமெடுத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி, முதலமைச்சர் கண்டனம் தெரிவிக்க, சம்பந்தப்பட்ட மூன்று ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே கடற்கரை, அதே செல்போன். நியாயம் கேட்கும் பெண்ணின் குரலைப் பிடித்தபோது அது துணை. கொண்டை அவிழ்ந்து நிற்கும் பெண்ணைப் பிடிக்கும்போது அது இன்னொரு கை. அந்தக் கையும் கூந்தலைத்தான் இழுக்கிறது.

இனயத்தில் கேட்ட மூன்று தீர்ப்பில் என் ஓட்டு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பெரியம்மா சொன்ன ராஜி வேண்டும். சுமை தூக்கும் அம்மாளின் கழுத்து பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் வழி மூன்றாவது பெண்ணின் பேச்சில் இருக்கிறது. அடுத்த முறை நம் தெருவிலோ, மாடிக் குடித்தனத்திலோ இரண்டு பெண்கள் கை கலந்தால், ஜன்னலை அகலத் திறந்து வேடிக்கை பார்க்க வேண்டாம். இறங்கிப் போய் விலக்கிவிடுவோம். ஒருத்தியை உள்ளே அழைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, கலைந்த கூந்தலை முடிந்துவிடுவோம். முடியை முடிந்தால் சண்டையும் முடியும்!