சித்தியின் சர்க்கரை வாசம்

நேரு வீதியில் நறுமணப் பொருள் விற்கும் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். பூ மணத்தை விரும்புவோர் மென்மையானவர்கள். கட்டை மணத்தை விரும்புவோர் உறுதி படைத்தவர்கள். இனிப்பு மணத்தை விரும்புவோர் குழந்தை உள்ளத்தினர், பிறர் தம்மைக் கவனிக்க வேண்டுமென்று ஏங்குவோர் என்று அச்சிட்டிருந்தது. கிளி சோதிடத்துக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. ஆயினும் தமிழ் படித்தவர்கள் இதைப் பார்த்து மனம்விட்டுச் சிரிக்க இயலாது. முல்லை என்றால் இருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் எனப் பூவுக்கொரு மனநிலையை வகுத்து, அதைத் தேர்விலும் கேட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் நாம்.

அந்த மூன்றாவது வரியில்தான் சித்தியின் நினைவு வந்தது. ஏறத்தாழ இதே தீர்ப்பை இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாமே அவருக்கு எழுதியிருந்தோம்.

சித்தப்பா பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பாரீசின் புறநகர் ஒன்றில் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். 2001இல் சித்தப்பா இறந்தார். மறு ஆண்டு சித்தி முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பினார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பெட்டி துணிகளோடு, நீல நிறத் திரவம் நிரம்பிய நட்சத்திர வடிவக் கண்ணாடிக் குப்பி ஒன்றும் வந்தது.

அதன் பெயர் ஏஞ்சல். ஆடை வடிவமைப்பாளர் தியெரி முக்ளேரின் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. அமைத்தவர்களில் முதன்மையானவர் ஒலிவியே கிரெஸ்ப். வெனிலா அதற்கு முன்பும் நறுமணக் குப்பிகளில் இருந்ததுதான். 1925இல் வந்த கெர்லேனின் ஷாலிமார் அதற்கு நல்ல சான்று. ஆனால் ஏஞ்சலில் சர்க்கரைப் பாகே முன்வாசலில் வந்து நின்றது. எத்தில் மால்ட்டால் என்னும் வேதிப்பொருள் அதற்குக் காரணம். பஞ்சுமிட்டாய்க்காரன் தெருமுனை திரும்பும்போது வருமே, அந்த வாசம். முக்ளேர் தம் சிறுவயதுத் திருவிழாக்களின் மணத்தைக் கேட்டதாகச் சொல்வார்கள். இவ்வகை மணங்களுக்குப் பிரெஞ்சில் 'கூர்மான்' என்று பெயர். அச்சொல் முதலில் குறிப்பது பொருளையன்று, ஆளை. உண்பதில் ஆசையுள்ளவர் என்று பொருள்.

இனிப்பு மட்டும் இருந்திருந்தால் அது மிட்டாய்க் கடையாக முடிந்திருக்கும். ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்தது போன்ற பச்சோலி எண்ணெய் அடியில் கனமாக நின்று அதைத் தாங்குகிறது. பச்சோலி என்ற பெயரின் வேரை அகராதிகள் தமிழில் காட்டுகின்றன. பச்சை இலைதான் கப்பலேறிப் பச்சோலியாயிற்று. அதிலுள்ள வெனிலாவுக்கும் நம் கடற்கரையோடு உறவுண்டு. வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841இல் ரெயூனியோன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவர். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். சர்க்கரை மணக்கிற இடத்திலெல்லாம் யாருடைய வியர்வையோ இருக்கத்தான் செய்கிறது.

இவையெல்லாம் அன்று நமக்குத் தெரியாது. சித்தி உள்ளே வந்தால் கூடம் முழுக்கப் பாகு காய்ச்சும் வாசம் வரும் என்பது மட்டும் தெரியும். "எறும்பு மொய்க்கப் போகுது" என்பார் பெரியம்மா. ஐம்பதைக் கடந்த, கணவரை இழந்த ஒருவருக்கு எதற்கு இத்தனை மினுக்கு என்பதே அதன் உட்பொருள். நாம் அப்போது முதுகலை முதலாண்டு. தமிழ் சற்றுக் கைவசம் இருந்ததால் 'அதிரசச் சித்தி' என்று ஒரு பெயர் வைத்தோம். மோனை இல்லாவிட்டாலும் பெயர் வாய்க்கு இசைவாக அமைந்துவிட்டது. குடும்பம் முழுவதும் பரவியது.

2004இல் பெரியம்மா மகளுக்குத் திருமணம். வரவேற்பு மேசை நம் பொறுப்பு. பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், குபேர் அங்காடியிலிருந்து விடியற்காலையில் வந்த மல்லிகைச் சரங்கள், ஒரு தட்டு நிறையக் கற்கண்டு. வருகிற பெண்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, பூக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சித்தி வந்தார். செம்பு பிடித்த கை அப்படியே நின்றது. யாரும் தடுக்கவில்லை. இன்னாருக்குத் தெளிக்காதே என்று யாரும் சொல்லித் தந்ததுமில்லை. கை தானாகவே நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் போன பின்னும் மல்லிகையையும் பன்னீரையும் மீறி அந்த வாசம் வாசலிலேயே நின்றது.

அந்தப் பருவத்தில் நமக்குப் புறநானூறு பாடம். 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை மகளிர் உண்ணும் நெய்யில்லாச் சோற்றையும் புளி கூட்டிய வேளைக் கீரையையும் பாயின்றிப் படுக்கும் பரற்கல் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதனினும் தீ நன்று என்று ஈமத்தை நோக்கிப் போகிறார். அதைப் பற்றித் தேர்வில் மனமுருகி ஐந்து பக்கம் எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்த விடைத்தாளையும் பன்னீர்ச் செம்பையும் ஒரே கைதான் பிடித்தது என்பது அன்று உறைக்கவில்லை.

வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடை விடுமுறையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். நாள்தோறும் காலையில் வாசலில் பூக்காரம்மாவிடம் நெடுநேரம் பேரம் பேசி ஒரு முழம் மல்லிகை வாங்குவார். முழுவதும் சாமிப் படங்களுக்கும் சித்தப்பா படத்துக்குமே போகும். ஓர் உதிரிப்பூவைக்கூடத் தம் பக்கம் எடுக்க மாட்டார். பொட்டில்லை, மஞ்சளில்லை. பிறகு அலமாரியைத் திறந்து அந்த நட்சத்திரக் குப்பியை எடுத்து, புடவைத் தலைப்பில் இரண்டே அழுத்து. மூன்றாவது கிடையாது, சித்தி சிக்கனக்காரர். அது மீண்டும் நிரப்பிக்கொள்ளும் குப்பி. பிரான்சிலிருந்து வருகிற உறவினர் யாரேனும் நிரப்புத் திரவம் கொண்டுவருவர்.

ஏன் இந்த வாசம் என்று கேட்டே விட்டோம்.

"ஒன் சித்தப்பாவுக்குப் பதினாறு முடிஞ்ச கையோட ஊர்லேர்ந்து ஒவ்வொருத்தியும் போன் பண்ணாளுங்க. பூ வைக்காதே, சந்தனம் பூசாதே, மஞ்சள் தேய்க்காதேன்னு. சரி சரின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். அப்புறம் கடைக்குப் போயி, பூ வாசம் இல்லாத சென்ட்டு ஒண்ணு குடுன்னேன். அந்தப் பொண்ணு இத எடுத்து வச்சா. சக்கர வாசம் ஆவாதுன்னு ஒருத்தியும் சொல்லல பாரு. அவளுங்களுக்குத் தோணல."

சற்றுப் பொறுத்து, "அதிரசச் சித்தின்னு பேரு வச்சது நீதானாமே" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. "பேரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போனார்.

மூக்கு நுட்பமானவர்கள் ஏஞ்சலின் அடியில் பூவும் உண்டு என்பார்கள், இருக்கலாம். முன்னே வந்து முகத்தில் மோதுவது சர்க்கரையும் பச்சோலியுமே. சித்தி விதியை மீறியவர் அல்லர். விதித்த எல்லாவற்றையும் வரி பிசகாமல் கடைப்பிடித்தவர். பட்டியலில் எழுத மறந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் குடியேறிக்கொண்டார். துண்டறிக்கையின் எந்த வரியில் இவரை அடக்குவது?

அவ்விடுமுறைக்குப் பின்பு சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் தயங்குகிறோம். மாதவி நீராடும் நீரில் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறுகின்றன. அடியார்க்கு நல்லார் உரையில் அப்பொருள்களின் பட்டியல் உண்டு. இலவங்கமும் ஏலமும் பச்சிலையும் அதில் வருகின்றன. பாதிப் பொருள்கள் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவை. கோவலன் இறந்த செய்தி கேட்டபின் அந்த மாதவி துறவு பூணுகிறாள். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாக இருக்கும். 'நாற்றம்' என்ற சொல் வரும்போதுதான் கடைசி வரிசை சிரிக்கும். நறுமணம் என்பதே அதன் பழைய பொருள் என்று ஆண்டுதோறும் விளக்குகிறோம், ஆண்டுதோறும் சிரிக்கிறார்கள்.

சென்ற ஆவணியில் இலாசுப்பேட்டையில் ஓர் உறவினர் திருமணத்துக்குச் சித்தியை அழைத்துப் போனோம். இப்போது எழுபதைக் கடந்துவிட்டார், கைத்தடி வைத்திருக்கிறார். வரவேற்பு மேசையில் நின்ற சிறு பெண் அவரைக் கண்டதும் செம்பைத் தாழ்த்தினாள். அவளுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவள் கையிலிருந்து செம்பை வாங்கி நாமே சித்திக்குத் தெளிக்கப் போனோம்.

அவர் ஓரடி பின்வாங்கி, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஐயய்யோ, வேணாம்மா. அதும் இதும் கலந்தா நாறிப்போவும்."

அந்தச் சிறு பெண் சிரித்துவிட்டாள். சித்தி கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கற்கண்டுத் தட்டைத் துழாவத் தொடங்கினார்.